கான்பராவில் ஒரு நாள்: பழைய நாடாளுமன்றத்துக்குப் போவதா, புதியதற்கா?

சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது கான்பராவுக்கு ஒரு நாள் பயணமாகப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தூரம். விடியற்காலையில் புறப்பட்டால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டிப் போய்ச் சேரலாம், இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். பயணமும் சாப்பாடும் போக, அங்கே கையில் நிற்பது நான்கைந்து மணி நேரம் மட்டுமே. ஆஸ்திரேலியா தன் சட்டங்களை எப்படி இயற்றிக்கொண்டது, யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்ற வரலாற்றை நேரில் பார்த்து அறிய விரும்புகிறவர்கள் அந்த நேரத்தை எங்கே செலவிடுவது நல்லது என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இதற்குப் பொருத்தமான இடங்கள் கான்பராவில் மூன்று உள்ளன. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் இயங்கும் ஆஸ்திரேலிய ஜனநாயக அருங்காட்சியகம் ஒன்று. அதற்குப் பின்னால் கேப்பிட்டல் ஹில் குன்றில் அமைந்திருக்கும் இன்றைய நாடாளுமன்றம் மற்றொன்று. பழைய கட்டடத்தின் அருகிலேயே இருக்கும் தேசிய ஆவணக்காப்பகம் மூன்றாவது. கான்பராவுக்கே வராமல் மெல்பர்னில் தொடங்கும் வழியும் உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம். நான் அறிந்தவரை, நம்மவர்களில் பெரும்பாலோர் புதிய நாடாளுமன்றத்துக்கு மட்டும் போய், கொடிக்கம்பம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, பழைய கட்டடத்தைக் காரிலிருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தச் சூழ்நிலையில் அந்தக் கருத்து பொருந்தாது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

பழைய கட்டடம் எந்தச் சூழலில் எழுந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 1901 ஜனவரி 1 அன்று ஆறு குடியேற்றங்கள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானது. தலைநகர் எங்கே அமைவது என்பதில் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் உடன்பாடு ஏற்படாததால், புதிதாக ஒரு நகரம் கட்டப்படும்வரை மெல்பர்னில் நாடாளுமன்றம் கூடுவதென்று முடிவாயிற்று. 26 ஆண்டுகள் அங்கேயே கூடிய பிறகு, 1927 மே 9 அன்று கான்பராவில் இந்த வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் யார்க் கோமகன்; பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடியவர். கட்டடத்தை வடிவமைத்த ஜான் ஸ்மித் மர்டாக், அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். நிரந்தரக் கட்டடம் பிறகு வரும், அதுவரை இது போதும் என்ற எண்ணத்தோடு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுப் பயன்பாட்டுக்காகக் கட்டப்பட்டது இது. அதனால் இதில் கோபுரமோ குவிமாடமோ கிடையாது. வெள்ளைச் சாயம் பூசிய, தாழ்ந்து நீண்ட, சமச்சீரான ஒரு கட்டடம். இரு பக்கமும் ரோஜாத் தோட்டங்கள். 1988 வரை 61 ஆண்டுகள் நாட்டின் சட்டங்கள் அனைத்தும் இங்கேதான் நிறைவேறின.

உள்ளே நுழைந்து படியேறியதும் வரும் கிங்ஸ் ஹால்தான் இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்வதற்கான இடம். கூரைக்குக் கீழே உயரத்தில் அமைந்த சாளரங்கள் வழியாகப் பகல் வெளிச்சம் இறங்குகிறது. தரையில் ஆஸ்திரேலிய மரத்தால் இழைத்த கட்டங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆளுயரத்துக்கு மேற்பட்ட சிலை. ஒரு பக்கம் திரும்பினால் பச்சை நிறப் பிரதிநிதிகள் அவை, எதிர்ப்பக்கம் திரும்பினால் சிவப்பு நிறச் செனட் அவை. இரு அவைகளுக்கும் நடுவில் இருந்ததால், உறுப்பினர்கள், அமைச்சர்கள், பத்திரிகையாளர்கள், தொகுதியிலிருந்து மனு கொண்டுவந்த சாதாரண மக்கள் என்று எல்லோரும் இந்தக் கூடத்தைக் கடந்தே போக வேண்டியிருந்தது. தூணோரம் காத்து நின்ற ஒருவர், அந்த வழியாக நடந்துவரும் பிரதமரை நிறுத்திப் பேச முடிந்தது. இதைக் கேட்பதைவிட அங்கே நின்று பார்ப்பதில் பொருள் அதிகம். தூரங்கள் எவ்வளவு குறைவு என்பது கண்ணெதிரே தெரிகிறது.

1951 ஜூன் 13 இரவு நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கூடத்தில் நின்று பாருங்கள். கூட்டாட்சியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக அன்றிரவு இந்தக் கட்டடத்தில் அரசு விருந்தும் நடனமும் நடந்துகொண்டிருந்தன. முன்னாள் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவருமான பென் சிப்லி விழாவுக்கு வராமல், அருகிலிருந்த குர்ராஜாங் ஹோட்டலில் தன் எளிய அறையிலேயே தங்கிவிட்டார். அங்கே மாரடைப்பு ஏற்பட்டு அவர் இறந்த செய்தி வந்ததும், அவரைத் தேர்தலில் தோற்கடித்து ஆட்சிக்கு வந்திருந்த பிரதமர் ராபர்ட் மென்சீஸ் தாமே எழுந்து அதை அறிவித்து, இசையையும் நடனத்தையும் நிறுத்தச் சொன்னார்.  அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் ஒரே கூரையின் கீழ் எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

பிரதிநிதிகள் அவைக்குள் போனால், அரசு வரிசையும் எதிர்க்கட்சி வரிசையும் ஒரு மேசையை நடுவில் வைத்து நேருக்கு நேராக அமைந்திருப்பதைக் காணலாம். சபாநாயகரின் நாற்காலி, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த நாற்காலியைப் பார்த்துச் செய்து பிரிட்டனிலிருந்து பரிசாக அனுப்பப்பட்டது. அந்த லண்டன் நாற்காலி 1941இல் ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்தபோது, புதிதாகக் கட்டப்பட்ட அவைக்கு ஆஸ்திரேலியாதான் ஒரு நாற்காலியைத் திருப்பிப் பரிசளித்தது. இன்றைக்கும் லண்டனில் சபாநாயகர் அமர்வது அதில்தான். தோல் இருக்கைகள் மிக நெருக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். 1927இல் இந்த அவைக்கு இருந்த உறுப்பினர்கள் எழுபத்தைந்து பேரளவில்தான். 1984இல் எண்ணிக்கை 148 ஆக உயர்ந்தபோதும் அறை அதே அறைதான். சில நூறு பேர் வேலை செய்வதற்காகக் கட்டிய கட்டடத்தில் கடைசிக் காலத்தில் மூவாயிரம் பேரளவில் அடைந்துகிடந்தார்கள். மேல்மாடியில் பத்திரிகையாளர்கள் வேலை செய்த அறைகளைப் பார்க்கும்போது இந்த நெருக்கடி நன்றாகப் புரியும். பலகையால் தடுக்கப்பட்ட சிறிய சதுரங்களில், ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் மற்றவர் மேல் முட்டும் அளவு இடத்தில், நாட்டின் செய்தியெல்லாம் எழுதப்பட்டது.

கடைசியாக பாப் ஹாக் பயன்படுத்திய பிரதமர் அலுவலகமும் அமைச்சரவை அறையும் அந்தக் காலத் தளவாடங்களோடு அப்படியே விடப்பட்டிருக்கின்றன. அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பெட்டிகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே காட்சிப்பொருள் அறைகளேதான். 2009 மே 9 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தபோது எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. வாக்குரிமை, போராட்டம், அரசியல் கேலிச்சித்திரங்கள் முதலியவற்றைப் பற்றிய தனிக் கண்காட்சிகளும் உண்டு. அவை மாறிக்கொண்டே இருப்பவை. நேரம் குறைவாக இருந்தால் அவற்றை விட்டுவிட்டு அறைகளிலேயே நேரத்தைச் செலவிடலாம்.

பெரியவர்களுக்கு மிகவும் பிடிக்கிற கதை முன்படிகளில் இருக்கிறது. 1975இல் கஃப் விட்லம் தலைமையிலான தொழிற்கட்சி அரசின் நிதி மசோதாக்களை, எதிர்க்கட்சிகள் பலம் பெற்றிருந்த செனட் அவை நிறைவேற்றாமல் நிறுத்திவைத்தது. நவம்பர் 11 பிற்பகலில் அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், கீழவையான பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமரைப் பதவிநீக்கம் செய்து, எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசரைக் காபந்துப் பிரதமராக அமர்த்தினார். கீழவை உடனே ஃபிரேசர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. அதைச் சபாநாயகர் கார்டன் ஷோல்ஸ் எடுத்துக்கொண்டு கவர்னர் ஜெனரல் மாளிகைக்குப் போனபோது அவரைக் காத்திருக்க வைத்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் கவர்னர் ஜெனரலின் செயலாளர் டேவிட் ஸ்மித் இந்தப் படிகளில் நின்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட அறிவிப்பை வாசித்தார். பின்னால் தலை உயர நின்றுகொண்டிருந்த விட்லம், ‘கடவுள் அரசியைக் காப்பாற்றுக’ என்று ஸ்மித் முடித்ததும் ஒலிவாங்கியின் முன்வந்து, கவர்னர் ஜெனரலை எதுவும் காப்பாற்றப் போவதில்லை என்று முழங்கினார். 356ஆம் பிரிவைக் கொண்டு மாநில அரசுகள் கலைக்கப்பட்ட வரலாற்றை அறிந்த தமிழ்நாட்டவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1976லும் 1991லும் தங்கள் மாநிலத்தில் நடந்ததை அவர்களே எடுத்துச் சொல்லி ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

அதே படிகளின் எதிரே புல்வெளியில் ஆதிகுடிகளின் கூடாரத் தூதரகம் இருக்கிறது. 1972 ஜனவரி 26 அன்று, நிலவுரிமை கேட்டு நான்கு இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டுத் தொடங்கிய போராட்டம் அது. சொந்த நாட்டிலேயே அந்நியராக நடத்தப்படுவதால் தங்களுக்கும் ஒரு தூதரகம் வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்கும் முந்தைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1927 திறப்பு விழாவுக்கு ஜிம்மி கிளெமென்ட்ஸ், ஜான் நோபிள் என்ற விராஜுரி இனப் பெரியவர்கள் இருவர் வந்திருந்தார்கள். கிளெமென்ட்ஸைப் போலீஸ் அப்புறப்படுத்த முயன்றபோது, கூடியிருந்த மக்கள் அவருக்காகக் குரல் எழுப்பினார்கள். மண்ணின் மைந்தர்களை நடத்திய விதத்தைச் சொல்லாமல் இந்த நாட்டின் சட்டமன்ற வரலாற்றைச் சொல்லவே முடியாது. கட்டடத்துக்கு உள்ளும் வெளியுமாக அது இங்கே ஒரே பார்வையில் கிடைக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று ஒரு போராட்டத்தின்போது மூண்ட தீயில் முன்கதவும் முகப்பும் சேதமடைந்தன; பிறகு அவை கவனமாகச் சீரமைக்கப்பட்டன.

இனிப் புதிய நாடாளுமன்றம். 1988 மே 9 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தது. மே 9 என்ற தேதி இந்த மூன்று திறப்புகளிலும் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. 1901இல் முதல் நாடாளுமன்றம் மெல்பர்னில் தொடங்கிவைக்கப்பட்ட நாள் அதுதான். பன்னாட்டுப் போட்டியில் வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து, இத்தாலியில் பிறந்த ரொமால்டோ ஜியுர்கோலாவின் நிறுவனம் தந்த வடிவம் தேர்வானது. கட்டடத்தைக் குன்றின் மேல் நிறுத்தாமல் குன்றுக்குள் பதித்து, கூரை மேல் புல் வளர்த்து, ஆள்வோர் தலைக்கு மேல் மக்கள் நடக்கலாம் என்று வைத்தார்கள். உயர்ந்த எண்ணம் அது. பாதுகாப்புக் காரணங்களுக்காக 2017இல் வேலி போடப்பட்டபின், அந்தப் புல்சரிவில் பழையபடி ஓடியாட முடியாது. இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

உள்ளே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. நுழைவுக்கூடத்தின் 48 பளிங்குத் தூண்கள். பெரிய மண்டபத்தின் சுவரை நிறைக்கும் இருபது மீட்டர் அகலத் திரைச்சீலை, ஓவியர் ஆர்தர் பாய்ட் வரைந்த யூகலிப்டஸ் காட்டைக் கைத்தறியில் நெய்தது. இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 1297ஆம் ஆண்டுப் பிரதிகளில் எஞ்சியிருக்கும் நான்கில் ஒன்று. இவற்றையெல்லாம்விட நான் யாரையும் அழைத்துப்போய்க் காட்ட விரும்புவது, 1963இல் வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலத்து யிர்க்காலா மக்கள் அனுப்பிய மரப்பட்டை மனுக்கள். தங்கள் நிலத்தைத் தங்களைக் கேட்காமல் சுரங்கத்துக்குக் கொடுத்ததை எதிர்த்து, தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குல ஓவியங்களைத் தீட்டி அனுப்பினார்கள். தாளில் ஆங்கிலமும் அவர்கள் மொழியும். ஓரத்தில் மீனும் ஆமையும் பாம்பும், நுண்ணிய குறுக்குக் கோடுகளால் நிரப்பப்பட்டவை. நிலத்தின் மேல் தங்களுக்குள்ள உரிமைக்கு அந்த ஓவியங்களே அவர்களுடைய பத்திரம். நாடாளுமன்றம் கேட்கும் வடிவிலும் தங்கள் சட்டம் கேட்கும் வடிவிலும் ஒரே சமயத்தில் பேசிய அந்த மனுவின் முன் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். 2008 பிப்ரவரி 13 அன்று, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஆதிகுடிக் குழந்தைகளிடம் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்ட வாசகமும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

ஆயினும் இந்த இரு கட்டடங்களுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு பொருள்களில் இல்லை, வழிகளில் இருக்கிறது. புதிய நாடாளுமன்றத்தில் பொதுமக்கள் நடமாடும் தளம் வேறு, உறுப்பினர்கள் நடமாடும் தளம் வேறு. அமைச்சர்களுக்கென்று தனிப் பிரிவு, தனி வாசல். பார்வையாளர் மேலிருந்து கீழே பார்க்கிறார். எதிரே யாரும் வந்துவிட மாட்டார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட கட்டடத்தில் இது தவிர்க்க முடியாதது என்றும், பழைய கட்டடத்தின் நெருக்கடியில் நல்ல நிர்வாகம் நடக்க முடியாது என்றும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சட்டம் என்பது மனிதர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துச் சண்டையிட்டும் சமரசம் பேசியும் செய்த வேலை என்பதைப் புரிந்துகொள்ள வருகிற ஒருவருக்கு, புதிய கட்டடம் அதை மறைத்துவிடுகிறது, பழையது வெளிப்படையாகக் காட்டுகிறது.

இதற்கு ஒரே விதிவிலக்கு, அவை கூடும் நாள். நாடாளுமன்றம் கூடும் வாரங்களில், பெரும்பாலும் திங்கள் முதல் வியாழன் வரை, பிற்பகல் 2 மணிக்கு இரு அவைகளிலும் கேள்வி நேரம் நடக்கும். முன்கூட்டியே அனுமதிச்சீட்டுக்குப் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. பையையும் கேமராவையும் வெளியே ஒப்படைத்துவிட்டு மாடத்தில் போய் உட்கார்ந்தால், 150 உறுப்பினர்கள் கொண்ட கீழவையில் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் மேசைக்கு இருபுறமும் நின்று வாதிடுவதைப் பார்க்கலாம். கூச்சல், கைதட்டல், சபாநாயகர் ஒரு உறுப்பினரை ஒரு மணி நேரத்துக்கு வெளியே அனுப்புவது என்று எல்லாம் நடக்கும். ஆண்டில் இருபது வாரம் அளவுக்குத்தான் அவை கூடுகிறது. பயணத் தேதி அந்த வாரங்களில் ஒன்றில் அமைந்தால், வேறு யோசனையே வேண்டாம்: காலையில் பழைய கட்டடம், மதியம் புதியது. பள்ளி விடுமுறைக்காலத்தில் பெரும்பாலும் அவை கூடாது என்பதைக் குழந்தைகளோடு போகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அவை கூடாத நாளில் புதிய கட்டடத்துக்காகப் பாதி நாளை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஒன்றரை மணி நேரமே போதும்.

தேசிய ஆவணக்காப்பகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலிய அரசியலமைப்பு, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம். விக்டோரியா அரசி அதற்கு 1900 ஜூலை 9 அன்று ஒப்புதல் கொடுத்தார். அதன் மூலப்பிரதி லண்டனிலேயே இருந்தது. அதை ஆஸ்திரேலியாவுக்கே கொடுத்துவிடுவதற்கு பிரிட்டன் 1990இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. அது இந்தக் காப்பகத்தின் பொறுப்பில் இருப்பதால், ஆவணங்களோடு பழகியவர்களுக்கும் சட்டம் படிப்பவர்களுக்கும் இது போகவேண்டிய இடம். மற்றவர்கள் பழைய கட்டடத்தைப் பார்த்தபின் நேரம் மிஞ்சினால் போகலாம், நடக்கிற தூரம்தான்.

மெல்பர்ன் வழியை நான் இவ்வளவு நேரம் தள்ளிவைத்ததற்குக் காரணம், அது நம்மவர்களுக்கு மிக நெருக்கமான பகுதியைத் தொடுவதுதான். 1901 முதல் 1927 வரை கூட்டாட்சி நாடாளுமன்றம் ஸ்பிரிங் தெருவிலுள்ள விக்டோரியா மாநில நாடாளுமன்றக் கட்டடத்தில் கூடியது; மாநில நாடாளுமன்றம் அதற்காகத் தன் வீட்டை விட்டுக்கொடுத்து, ராயல் எக்ஸிபிஷன் கட்டடத்தின் ஒரு பகுதிக்குக் குடிபெயர்ந்தது. புதிய நாடு தன் முதல் ஆண்டிலேயே இயற்றிய பெரிய சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1901. வருகிறவரை ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைக் கேட்டு எழுதச் சொல்லி, எழுதத் தவறினால் திருப்பி அனுப்பலாம் என்பது அதன் வழிமுறை. எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். அடுத்த ஆண்டு வந்த வாக்குரிமைச் சட்டம் பெண்களுக்கு வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவும் உரிமை கொடுத்து உலகுக்கு முன்னோடியாக நின்றது. அதே சட்டம் ஆதிகுடிகளுக்கும், ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகளைச் சேர்ந்தவர்களுக்கும் வாக்குரிமையை மறுத்தது.

அந்தத் தடையை நீக்கக் கேட்டு வந்தவர்களில் ஒரு தமிழரும் உண்டு. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1922இல் இந்தியாவின் சார்பில் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்து, இங்கே ஏற்கெனவே குடியிருந்த இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று நகரம் நகரமாகப் பேசினார். 1925இல் சட்டம் திருத்தப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்து குடியிருந்தவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. இதெல்லாம் மெல்பர்ன் கட்டடத்தில் நடந்தவை. அவை கூடாத வாரநாட்களில் வழிகாட்டியோடு அந்தக் கட்டடத்தை இலவசமாகச் சுற்றிப் பார்க்கலாம். மெல்பர்னில் வாழ்பவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. ஆனால் அது இன்று மாநிலச் சட்டமன்றம். அங்கே கூட்டாட்சி வரலாறு ஓர் அத்தியாயம் மட்டுமே. 1901 திறப்பு விழாவை டாம் ராபர்ட்ஸ் வரைந்த மாபெரும் ஓவியம்கூட கான்பராவில், புதிய நாடாளுமன்றத்தில்தான் இருக்கிறது.

ஐரோப்பியரல்லாதோரை உள்ளே விடாத வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை எங்கே கட்டப்பட்டது என்று பார்க்க மெல்பர்ன் போகவேண்டும் என்றால், அது எங்கே கலைக்கப்பட்டது என்று பார்க்கப் பழைய நாடாளுமன்றத்துக்கு வரவேண்டும். மொழித்தேர்வை ஒழித்த 1958 குடியேற்றச் சட்டம், ஆதிகுடிகளுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை தந்த 1962 திருத்தம், தகுதியுள்ள ஐரோப்பியரல்லாதோருக்கு வழிவிட்ட ஹரோல்ட் ஹோல்ட் அரசின் 1966 அறிவிப்பு, இனப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய 1975 சட்டம் ஆகிய அனைத்தும் அந்த நெருக்கமான பச்சை அறையிலும் சிவப்பு அறையிலும் வாதிடப்பட்டவை. இன்று சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தமிழ்ப் பள்ளியும் முருகன் கோயிலும் நடத்தி வாழும் நாம் இங்கே வர முடிந்ததற்கு அந்த வாதங்களே காரணம். ஊரிலிருந்து வந்த பெற்றோரை அந்த இருக்கைகளின் அருகே நிறுத்தி இதைச் சொல்வதற்காகவே நான் பழைய கட்டடத்தை முதலிடத்தில் வைக்கிறேன். புதிய கட்டடத்துக்கும் நம்மோடு தொடர்பு உண்டு. அனுமதியின்றி வந்தவர்களைக் கட்டாயமாகத் தடுப்புக்காவலில் வைக்கும் முறை 1992இல் அங்கே சட்டமாயிற்று, கடல் வழியாக வந்த ஈழத்தமிழர் பலர் பின்னாளில் அதன்கீழ் ஆண்டுக்கணக்கில் அடைபட்டார்கள். வளர்ந்த பிள்ளைகளோடு போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

யாரோடு போகிறோம் என்பதைப் பொறுத்துத் தேர்வு சற்று மாறும். சிறு குழந்தைகள் என்றால் பழைய கட்டடமே ஏற்றது. அறைகள் சிறியவை, தூரங்கள் குறைவு, கையால் செய்து பார்க்கும் வகையில் குழந்தைகளுக்கான பகுதியும் உண்டு. ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியிலிருந்தே புதிய நாடாளுமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கே அவை நடத்திப் பழகும் பயிற்சியிலும் கலந்துகொள்வது வழக்கமாதலால், குடும்பத்தோடு போகும்போது மீண்டும் அங்கே போவதைவிடப் பழையதைக் காட்டுவது பயனுள்ளது. உயர்நிலைப் பள்ளியில் சட்டமோ அரசியலோ படிப்பவர்களுக்குக் கேள்வி நேரம் கட்டாயம். நடக்கச் சிரமப்படும் முதியவர்களுக்குப் புதிய கட்டடம் எளிது; நிலவறையில் கார் நிறுத்தி லிப்டில் மேலே வந்துவிடலாம், எல்லாம் சமதளம். பழைய கட்டடத்தின் முகப்பில் படிகள் இருப்பதால், உள்ளே போவதற்கு முன் பணியாளர்களிடம் படியில்லாத வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. கிறிஸ்துமஸ் தவிர ஏனைய நாட்களில் பொதுவாகத் திறந்திருக்கும். பழைய கட்டடத்தில் தன்னார்வ வழிகாட்டிகள் நடத்தும் சுற்றில் சேர்ந்துகொள்வது நல்லது. அவர்களில் சிலர் அந்தக் கட்டடம் நாடாளுமன்றமாக இயங்கிய காலத்தை நேரில் அறிந்தவர்கள். எந்த வாசலில் யார் யாரை மறித்துப் பேசினார்கள் என்று அவர்கள் சொல்வது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால், சுற்றுக்கு ஒரு மணி நேரம், தாமாகப் பார்க்க இன்னொரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கொண்டுபோன புளிச்சோற்றை ரோஜாத் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணிக்குள் புதிய கட்டடத்தின் சோதனை வரிசையில் நின்றுவிட்டால் கேள்வி நேரத்துக்குச் சரியாக இருக்கும்.